கூட்டத்தைத் திருடிய கை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து காலை நீட்டி உட்காருங்கள். நகை திருடிய கதை, உயில் திருடிய கதை எல்லாம் கேட்டுக் காது புளித்திருக்கும் உங்களுக்கு. இன்றைக்கு ஒரு கூட்டத்தையே திருடிய கதை சொல்லப் போகிறேன். ஏழாயிரம் நாற்காலிகளில் உட்கார வேண்டிய ஜனங்களை ஒரே ஒரு கை துடைத்து எடுத்துவிட்டது. அந்தக் கையைத் தேடி ஒரு சனிக்கிழமை விடிகாலையில் இரண்டு பேர் போனார்கள். நாமும் சத்தம் காட்டாமல் பின்னாலேயே போவோம்.

முன்னால் நடந்தவர் டீச்சர். இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். கரும்பலகைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே, பின்னால் சாக்பீஸ் எறிந்தது யார் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதையே தொழிலாக வைத்துக்கொண்டார். பின்னால் மூச்சு வாங்க வந்தவர் கண்டக்டர். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் தலையை எண்ணுவார், எந்த வாசலில் நின்றாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"டீச்சர், குதிரை ஓடற இடத்துக்கு நாம ஏன் ஓடி வரணும்?" என்றார் கண்டக்டர்.

"மணி அஞ்சே முக்கால். ரெண்டு மணிக்கு முதல் ரேஸ். மூணரைக்கு நாலாவது ரேஸ், அதுக்குள்ள திருடனைப் பிடிக்கணும். அதான் ஓட்டம்."

விஷயம் இதுதான். அந்தப் பந்தய மைதானத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. நாலாவது ரேஸ் கிளம்பும்போது வாசலில் ஆள் நுழைய நுழைய எண்ணுகிற சுழல்கம்பி ஐந்நூறு பேராவது நுழைந்ததாகக் காட்ட வேண்டும். அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை காட்டவில்லை என்றால், கமிட்டி மைதானத்தை இழுத்து மூடிவிடலாம். கொஞ்ச வருடமாகவே கூட்டம் தேய்ந்துகொண்டு வந்தது. போன சனிக்கிழமைக்கு முந்தினது இருநூற்றுப் பன்னிரண்டு. போன சனிக்கிழமை நூற்றுத் தொண்ணூறு. இன்றைக்கு மூன்றாவது சனிக்கிழமை. மூடினால் லாயத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருக்கும் நாற்பது குடும்பமும் தெருவுக்கு வரும். நாற்பத்து மூன்று குதிரைகளும் ஆளுக்கொரு திசைக்குப் போகும்.

இவர்களைத் தேடி வந்து உதவி கேட்டவர் அங்கே குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் அம்மாள். ஐம்பது வயது இருக்கும். முன்னங்கை முழுக்கப் பொறி பட்ட தழும்பு. இடுப்பில் வேலைக்குக் கட்டும் தோல் ஏப்ரன். பிறந்ததே அந்த வரிசை வீட்டில்தான். "காலம் மாறிடுச்சு, ஜனங்க வரமாட்டாங்கன்னு கமிட்டிச் செயலாளர் சொல்றாரு," என்றார் அவர், நாற்காலியில் உட்காரக்கூட மறுத்து நின்றபடியே. "நான் நம்பமாட்டேன். குதிரையைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பற மனுஷன் இன்னும் பொறக்கல. யாரோ எங்க கூட்டத்தைத் திருடறாங்க. அது யாருன்னு மட்டும் காட்டுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அந்த "பாத்துக்கறேன்" என்ற சொல்லில் சுத்தியல் இருந்தது. கண்டக்டர் அன்றைக்கே தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கேலரி. அடுக்கடுக்காக நீலநிற நாற்காலிகள். அதற்கு எதிரே கூரையிலிருந்து தொங்கும் பன்னிரண்டு டிவிப் பெட்டிகள். பக்கத்தில், ஒன்பதடி உயரத்துக்குப் பச்சைத் தகரம் அடித்த ஒரு வட்டச் சுவர்.

கண்டக்டருக்கு முதுகில் அரிப்பு. தகரச் சுவரில் சாய்ந்து எருமை மாதிரி ஆனந்தமாகத் தேய்த்துக்கொண்டார். "ஆகா. ஏழாயிரம் பேருக்கு இடம், நான் ஒருத்தன் நிக்கறேன். எங்க பஸ்ஸா இருந்தா ரூட்டையே கேன்சல் பண்ணியிருப்பாங்க. ஐந்நூறு பேர்ங்கறது இங்க குதிரைக்கொம்புதான் டீச்சர்."

டீச்சர் அவர் முதுகையே உற்றுப் பார்த்தார். "திரும்புங்க."

"ஏன், சட்டை கிழிஞ்சுடுச்சா?"

"கிழியல. அதான் பாக்கறேன்." சொல்லிவிட்டு, தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் லாயத்தைப் பார்த்து நடந்தார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கண்டக்டருக்கு அது தெரியும். என்ன கிடைத்தது என்பதுதான் தெரியாது.

பட்டறையில் லாடக்காரம்மா துருத்தியை ஊதிக்கொண்டிருந்தார். நெருப்பு வெளிச்சத்தில் முகம் செப்புப் பாத்திரம் மாதிரி இருந்தது.

"அம்மா, இந்த ஒரு மாசத்துல இங்க வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துதா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல," என்றார் டீச்சர்.

"என்ன நடக்கும்? ஒண்ணுமில்ல." யோசித்தார். "பட்டத்துராணி மட்டும் ஊதிக்கிட்டே போறா. இருபத்திரண்டு வயசுக் கிழவி. ஓட்டத்தை விட்டு பதினாலு வருஷமாச்சு. பின்பக்க வளைவுல மேய விட்டிருக்கோம். தீனியெல்லாம் நான்தான் அளந்து போடறேன். ஆனா வயிறு பீப்பாய் மாதிரி ஆயிட்டு வருது."

"அளந்து போட்டும் ஊதறாங்களா? எங்க வீட்டுக்காரியும் இதைத்தான் என்னைப் பத்தி சொல்லுவா," என்றார் கண்டக்டர்.

"அப்ப நீங்களும் யார் வீட்டுலயோ தின்னுட்டு வரீங்க," என்றார் டீச்சர். "வாங்க, கிழவி எங்க தின்னுறான்னு பாப்போம்."

பின்பக்க வளைவு மைதானத்தின் கோடி. அங்கே ஒரு கம்பிவேலி, அதை ஒட்டிப் புதர். அப்பால் சாலை. பட்டத்துராணி வெள்ளையும் சாம்பலுமாக, பெரிய மனுஷி மிடுக்கோடு நின்றுகொண்டிருந்தது. அத்தனை பெரிய புல்தரையில் எங்கும் மேயாமல் வேலியின் ஒரு மூலையையே பார்த்தபடி, ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல.

டீச்சர் அதன் வாயோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். ஆரஞ்சுக் கறை. "கேரட்."

பிறகு வேலிப் பக்கம் குனிந்தார். கம்பிக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட் இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளவென்று மின்னியது. ஒன்று நெஞ்சு உயரம். இன்னொன்று முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. வேலி நெடுக அப்படியே, இரண்டு கோடு போட்ட மாதிரி.

"திருடனோட உயரம் தெரிஞ்சுபோச்சு கண்டக்டரே. அஞ்சரை அடி. அப்புறம் மூணடி."

"ஒரே திருடனா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டு வர திருடங்க. புதருக்குப் பின்னால போய் நில்லுங்க. அசையாதீங்க."

ஆறேகாலுக்கு முதல் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பார்த்ததும் கண்டக்டரின் விரல்கள் தாமாகவே மடங்க ஆரம்பித்தன. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு. தோளில் ஒரு மகளும் கையில் ஒரு மகளுமாக ஒரு தையல்காரர். நடைப்பயிற்சி உடுப்பில் கணவனும் மனைவியும். சக்கர நாற்காலியில் தன் மாமியாரை வைத்துத் தள்ளிவரும் மருமகள். "ஓரமா நிறுத்துடி, எனக்கு அந்தக் கறுப்பன் தெரியணும்" என்று மாமியார் அதட்ட, "போன வாரமும் அவனைத்தானே பாத்தீங்க அத்தை, இன்னிக்கு மாப்பிள்ளைய மாத்துங்க" என்று மருமகள் திருப்பிக் கொடுக்க, வேலியோரமே சிரித்தது.

அப்போது பயிற்சிக்கு விட்ட குதிரைகள் வளைவில் திரும்பின. தரை முதலில் அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. பத்தடி தூரத்தில் மூச்சும் வியர்வையும் மண்ணுமாக ஒரு சுழல்காற்று கடந்துபோனது. மூணடித் திருடர்கள் எல்லாம் கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினார்கள். கண்டக்டரும் கத்திவிட்டார். துப்பறிய வந்தவர் புதருக்குப் பின்னால் கத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. உள்ள போங்க, உள்ள போங்க," என்றார் அவர், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"உள்ளயா? போனோமே ஒரு தடவ," என்றாள் நர்ஸ். பட்டத்துராணிக்கு ஒரு கேரட்டை நீட்டிக்கொண்டே பேசினாள். "டிக்கெட் வாங்கி, நல்ல புடவை கட்டிக்கிட்டுப் போனேன். குதிரையவே காணோம். டிவிதான் தொங்குது. அரை மணிக்கு ஒரு தடவ தூரத்துல ஈ மாதிரி என்னவோ ஓடிச்சு. மத்த நேரம் சுவரைப் பாத்து உக்காந்திருக்கணும். பாத்ரூம் எங்கன்னு கேட்டா, எந்தக் குதிரைக்குப் பணம் கட்டினீங்கன்னு கேக்கறாங்க. எதுக்கும் கட்டலன்னு சொன்னா, அப்ப எதுக்கு வந்தேன்னு ஒரு பார்வை. டிவி பாக்கறதுக்கு நான் எங்க வீட்டுலயே படுத்துக்கிட்டுப் பாப்பேனே."

தையல்காரர் தலையாட்டினார். "பணம் கட்டறவன் போன்லயே கட்டிக்கறான், அவன் வரவேண்டாம். குதிரை பாக்க வரவனுக்குக் குதிரை இல்ல. பின்ன யாருதான் சார் உள்ள வருவாங்க?"

எட்டு மணிக்குள் வந்து போனவர்களை எண்ணி முடித்தார் கண்டக்டர். "எட்டு பஸ் ரொம்பி வழியுது, ஒன்பதாவதுல பாதி. ஐந்நூத்திப் பத்துக்குக் குறையாது டீச்சர். டிக்கெட் இல்லாத பிரயாணிங்க. என் சர்வீஸ்ல இவ்வளவு பேரை ஒரே நாள்ல பிடிச்சதில்ல."

பட்டறைக்குத் திரும்பி இதைச் சொன்னபோது லாடக்காரம்மா கையை உதறினார். "அவங்களா? தெரியுமே. அவங்க ஓசி ஆளுங்க. நான் கேட்டது கூட்டத்தை."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தைக் காணோம், கூட்டத்தைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடுகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றதால் அது கூட்டமே இல்லை என்று லாயத்துக்காரர்கள் அத்தனை பேரும் முடிவு செய்துவிட்டார்கள்!

"அம்மா, கூட்டம் இருக்கு," என்றார் டீச்சர் நிதானமாக. "அது குதிரை தெரியற இடத்துல நிக்குது. அப்ப கேள்வி இதுதான். உள்ள குதிரையை மறைச்சது யாரு? ரேஸுக்கு முன்னால குதிரைங்களை ஜனங்க நடுவுல நடத்திக் காட்டற வட்டம் ஒண்ணு எல்லா மைதானத்துலயும் உண்டு. இங்கயும் இருக்கு. தகரம் போட்டு மூடியிருக்கு."

"செயலாளர்தான்!" கண்டக்டர் துள்ளினார். "எனக்கு அப்பவே தெரியும். டை கட்டினவனை நம்பாதீங்கன்னு எங்க டிரைவர் சொல்லுவாரு. மைதானத்தை வித்துடலாம்னு திட்டம் போட்டு மூடியிருக்காரு. குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்ச கதை!"

"நடங்க, காட்டறேன்," என்றார் டீச்சர்.

மூவரும் பச்சைத் தகரத்தின் முன்னால் நின்றார்கள். டீச்சர் கண்டக்டரின் தோளைப் பிடித்து மறுபடி தகரத்தில் சாய்த்தார். "தேய்ங்க."

"பகல் வெளிச்சத்துலயா? அசிங்கமா இருக்கும் டீச்சர்."

"தேய்ங்க."

தேய்த்தார். சட்டை கிழியவில்லை.

"உள்பக்கத்துலேருந்து பலகையோட சேத்து அடிச்ச ஆணி. முனையெல்லாம் இந்தப் பக்கம் வெளிய வந்திருக்கு, நூறு நூத்தம்பது இருக்கும். ஆனா ஒண்ணுகூடக் குத்தல. ஏன்னா ஒவ்வொரு முனையையும் மடக்கி, அமுக்கி, அரத்தால தேச்சு மழுக்கியிருக்கு. தகரத்துல அடிச்ச ஆணிக்கு இவ்வளவு பாடுபடற தச்சர் உலகத்துலயே கிடையாது." டீச்சரின் குரல் தாழ்ந்தது. "ஆணி அடிச்சா மடக்கித் தேய்க்காம விடவே தெரியாத கை ஒண்ணுதான் இருக்கு. உயிருள்ள கால்ல அடிச்சுப் பழகின கை. முனை நீட்டிக்கிட்டிருந்தா அடுத்த கால்ல கீறிடுமேன்னு பயந்து பயந்து பழகின கை."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். லாடக்காரம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம், கண்ணுகளா. மேய்ந்தது தான்தான் என்று வேலிக்கே தெரியாமல் இருந்தது இங்கேதான்.

லாடக்காரம்மா மழுங்கின முனை ஒன்றை விரலால் தடவினார். "ஆறு வருஷம் ஆச்சு. ஒரு மழை நாள். வட்டத்துல மூணு வயசுக் குட்டி ஒண்ணு நடந்துக்கிட்டிருந்தது. அதுக்கு அன்னிக்குத்தான் முதல் ரேஸ். கம்பியோரம் நின்ன ஒருத்தர் குடையைப் படார்னு விரிச்சாரு. குட்டி மிரண்டு பின்னால விழுந்தது. கால் ஒடிஞ்சுபோச்சு, இனி பிழைக்காதுன்னுட்டாங்க. டாக்டர் ஊசியை எடுத்துக்கிட்டு வர வரைக்கும் அது தலை என் மடியிலதான் இருந்தது. என்னையே பாத்துக்கிட்டிருந்தது. மறுநாளே தகரம் அடிச்சேன். லாயத்துல எல்லாரும் சேந்து பிடிச்சாங்க. யாரும் எங்க பிள்ளைங்களைப் பாக்கவேண்டாம்னு நினைச்சோம். நல்லதுதானே செஞ்சோம்னு இருந்தேன். இத்தனை நாளும் திருடனைத் தேடினேனே!"

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் குற்றம் ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அவர் என்றைக்கும் அடி கொடுத்ததில்லை. "செல்லத்தைப் பொத்திப் பொத்தி வச்சீங்க. அது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பொத்தின கைக்குள்ள மூச்சு முட்டுது. நீங்க கேட்டபடி ஆளைக் காட்டியாச்சு. மிச்சத்தை நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

லாடக்காரம்மா கண்ணைத் தோள்பட்டையில் துடைத்தார். ஏப்ரன் பையிலிருந்து குறடை உருவினார். முதல் ஆணி க்ரீச்சென்று வெளியே வந்தது.

அந்தச் சத்தத்துக்குச் செயலாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், டீ ஆறிப்போனால்கூட "காலம் மாறிடுச்சு" என்பார். "என்னம்மா இது! யார் அனுமதி கொடுத்தாங்க?"

"அடிக்கும்போது நான் அனுமதி கேக்கல. நீங்களும் ஏன்னு கேக்கல. பிடுங்கும்போது மட்டும் கேக்கணுமா?"

"டிவி பாக்கறவங்களுக்கு இந்த வட்டமே வேண்டாம். யாரும் வரமாட்டாங்கம்மா. சும்மா எதுக்கு? காலம்..."

"காலம் மாறலய்யா. நாமதான் முகத்தைத் திருப்பிக்கிட்டோம்." இரண்டாவது ஆணி. மூன்றாவது. "மைதானத்தைச் சாயங்காலம் மூடணும்னா மூடிக்கோங்க. சாயங்காலம் வரைக்கும் இது எங்க வட்டம். இன்னிக்கு என் குதிரைங்க ஜனங்க கண்ணு முன்னாடிதான் நடக்கும். பிடிச்சு நிறுத்தறவங்க வந்து நிறுத்துங்க."

சொல்லிக்கொண்டே அடுத்த ஆணிக்குப் போனார். லாயத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அவரவர் வீட்டுக் குறடோடு வந்தார்கள். செயலாளர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணிக்கெல்லாம் தகரம் தரையில் கிடந்தது. லாடக்காரம்மா பட்டத்துராணியின் கழுத்தில் கயிறு போட்டு, முன்வாசல் வழியாகத் தெருவுக்கே கூட்டிப்போனார். கடைவீதி, ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிலையம் என்று கிழவி அசைந்து அசைந்து நடந்தாள். பக்கத்தில் கண்டக்டர், தொண்டை கிழிய: "ரெண்டு மணிக்கு வாங்க! கிட்டத்துல நின்னு பாக்கலாம்! எந்தக் குதிரைக்கும் கட்டவேண்டாம், நீங்க வந்தா போதும்! பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க! குடையை மட்டும் விரிக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறோம்!"

மூன்று மணிக்கு வட்டத்தைச் சுற்றி நாலு வரிசை ஆட்கள். கம்பியோரம் லாயத்துப் பெண்கள் நின்று, எந்தக் குதிரைக்கு எது பிடிக்கும், எது கடிக்கும், எது யாருடைய பேத்தி என்று வந்தவர்களுக்குக் கதை கதையாகச் சொன்னார்கள். சக்கர நாற்காலி மாமியார், கறுப்பன் தன் முன்னால் நின்று தும்மியதும் முகத்தைத் துடைக்கக்கூட மறுத்துவிட்டார். டிவிப் பெட்டிகளைச் சீந்துவாரில்லை.

ஆனாலும் நாலாவது ரேஸுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சுழல்கம்பி நானூற்று அறுபத்தெட்டில் நின்றுவிட்டது. வாசலில் ஈ, காக்கை இல்லை. கண்டக்டர் தெருவின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் தொங்கிவிட்டது. "அரை பஸ் குறையுது டீச்சர். அரை பஸ்."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது வெளியே தெருவில், சுவரைச் சுற்றிக்கொண்டு யாரோ வருகிற சத்தம். தீனி போடுகிறவர்கள், சேணம் தைக்கிறவர், குளிப்பாட்டுகிறவர்கள், அவர்களுடைய அக்கா தங்கை, நாத்தனார், கொழுந்தன், இடுப்புக் குழந்தைகள். அன்றைக்கு வேலை முறை இல்லாத வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் பின்கதவால் வெளியே போய், முன்வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் லாடக்காரம்மா. ஐம்பது வருடத்தில் அந்த வாசல் வழியாக அவர் நுழைந்ததே இல்லை.

செயலாளர் கையை நீட்டி மறித்தார். "நீங்க லாயத்து ஆளும்மா. இது கணக்குல வராது."

லாடக்காரம்மா தோல் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். அதை நாலாக மடித்து அவர் நீட்டிய கையிலேயே வைத்தார்.

"இன்னிக்கு நான் வேலைக்கு வரல. குதிரை பாக்க வந்திருக்கேன்."

இடுப்பால் கம்பியைத் தள்ளினார். கடக். நானூற்று அறுபத்தொன்பது. அவருக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. கடக். கடக். கடக். கண்டக்டர் எண்ணுவதை மறந்து, முப்பது வருடக் குரலை முழுசாக எடுத்துக் கத்தினார்:

"உள்ள போங்க! உள்ள போங்க! இடமிருக்கு, எல்லாரும் உள்ள போங்க!"

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலும் அப்படியே திறந்திருக்கட்டும். வருகிறவர்களின் செருப்பு வைக்க இடம் போதாமல் போகட்டும். பொத்தி வளர்த்த செல்வங்கள் எல்லாம் நாலு பேர் பார்க்கத் தலை நிமிர்ந்து நடக்கட்டும். உங்கள் குடி நிறைந்து, குரல் நிறைந்து, நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.